கடனா, பங்கா? மருமகன் கேட்கும் 20 லட்சம்

கேள்வி: நான் சுகாதாரத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வயது 61. திண்டுக்கல் பக்கம் சொந்த வீட்டில் இருக்கிறோம். என் தங்கை மகன், எனக்கு மருமகன் முறை, சில வருடங்களாக மனை வியாபாரம் செய்கிறார். இப்போது 2 ஏக்கர் தோட்டத்தை ஏக்கர் 45 லட்சத்துக்குப் பேசியிருக்கிறார். 20 லட்சம் முன்பணம் கொடுத்து 11 மாதத்துக்கு அக்ரிமென்ட் போட வேண்டுமாம். அந்த 20 லட்சத்தை என்னிடம் கேட்கிறார். வங்கியில் இருக்கும் என் ஓய்வுப் பணம் 12 லட்சம். மீதி 8 லட்சத்துக்கு என் மனைவியின் நகையை அடகு வைக்கலாம் என்கிறார். நூற்றுக்கு 2 ரூபாய் வட்டி, ஒரு வருடத்தில் அசல், முடியாவிட்டால் 2 மனை எழுதித் தருவாராம். புரோநோட்டும் கையெழுத்துப் போட்ட 2 செக்கும் தருவதாகச் சொல்கிறார். அடுத்த தையில் இளைய மகளுக்குக் கல்யாணம் செய்ய எண்ணியிருக்கிறோம். மனைவிக்கு இதில் சம்மதம் இல்லை. கூடுதலாக எழுதிக் கேட்டால், "என் பிள்ளை மேல் அண்ணனுக்கு நம்பிக்கை இல்லையா" என்று தங்கை கண் கலங்குகிறாள். கொடுக்கலாமா? கொடுத்தால் எப்படிக் கொடுப்பது?

பதில்:

ஐயா, நகையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அதில் யோசிக்க எதுவும் இல்லை. அந்த நகை உங்கள் மனைவியுடையது. பிறந்த வீட்டில் போட்டதும் கல்யாணத்தில் வந்ததும் சட்டப்படி அவருடைய தனிச் சொத்து. கணவருக்கு அதில் உரிமை கிடையாது. அவருக்குச் சம்மதம் இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆக, கேள்வி 20 லட்சத்தைப் பற்றியது இல்லை. 12 லட்சத்தைப் பற்றியது.

அந்த 12 லட்சத்திலும் கல்யாணத்துக்கு என்று ஒரு பகுதி இருக்கிறது. தை மாதத்துக்கு மண்டபம் பேச வேண்டும், நகைக் கடைக்கும் சமையல்காரருக்கும் முன்பணம் கொடுக்க வேண்டும். அந்தப் பணம் இந்தத் தேதிக்குக் கையில் இருக்க வேண்டும் என்று இருக்கிறது. மனையில் போட்ட பணம் தேதி பார்த்துத் திரும்பாது. நல்ல நிலமாக இருக்கும், விலையும் ஏறியிருக்கும், ஆனாலும் உங்களுக்கு வேண்டிய மாதத்தில் வாங்க ஆள் வராது. எனவே கல்யாணத் தொகையை இன்றே தனியாக எடுத்து வையுங்கள். பேச்சே மீதியைப் பற்றித்தான்.

சரி, உங்கள் மருமகனின் திட்டத்துக்கு வருவோம். அவர் நிலம் வாங்கப் போவதாக நீங்கள் நினைக்கிறீர்கள். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் அவர் வாங்கப் போவது 11 மாத அவகாசம் மட்டும்தான். மனைத் தொழிலில் இது வழக்கமான முறை. விவசாயியிடம் கொஞ்சம் முன்பணம் கொடுத்து அக்ரிமென்ட் போடுவார்கள், கூடவே அவர் சார்பில் விற்க அதிகாரம் தரும் ஒரு பவரும் எழுதி வாங்குவார்கள். மனை விற்க விற்க மீதியைக் கட்டுவார்கள். தன் பெயருக்குக் கிரயம் செய்தால் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்று போகும். அதை மிச்சப்படுத்தத்தான் இந்த ஏற்பாடு. தப்பான தொழில் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கிரய ஒப்பந்தத்தினால் மட்டும் நிலத்தில் எந்த உரிமையும் வந்துவிடாது என்று சொத்து மாற்றுச் சட்டத்தின் 54-வது பிரிவே சொல்கிறது. பவர் வைத்துக்கொண்டால் சொந்தக்காரர் ஆகிவிட முடியாது என்பதை உச்ச நீதிமன்றம் 2011-இல் சூரஜ் லாம்ப் வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. பவர் எழுதிக்கொடுத்த பெரியவர் நடுவில் காலமானால் பவரும் பெரும்பாலும் அவரோடு போய்விடும். அப்புறம் வாரிசுகளிடம் முதலிலிருந்து பேச வேண்டும். பவரை வைத்துப் பத்திரம் பதியப் போனால், எழுதிக்கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்று மருத்துவர் சான்று கேட்பது இதனால்தான்.

ஆக, உங்கள் பணம் போய்ச் சேரும் இடத்தில் உங்கள் மருமகனுக்கே சொத்து இல்லை. சொத்து இல்லாதவர் எதை உங்களுக்கு ஈடாகக் கொடுப்பார்? மொத்தக் கடிதத்திலும் என் கண்ணில் உறுத்தியது இதுதான்.

இன்னொன்றையும் பாருங்கள். 90 லட்சத்தில் 20 போக மீதி 70 லட்சம். 11 மாதத்துக்குள் அது எங்கிருந்து வரும்? "மனை புக்கிங்கில் வந்துவிடும் மாமா" என்பார். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு என்றால், ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்யும் முன் விளம்பரம் செய்யக் கூடாது, விற்கக் கூடாது, புக்கிங்கும் வாங்கக் கூடாது. 2 ஏக்கர் என்பது 8,000 சதுர மீட்டருக்கு மேல். பதிவு செய்வதற்கு முன்னால் நகர் ஊரமைப்புத் துறையின் மனைப்பிரிவு அனுமதி வேண்டும். அதற்கு முன்னால் நிலம் எந்த வகை என்று பார்க்க வேண்டும், சாலை அகலம் ஒத்துவர வேண்டும், பல துறைகளின் தடையின்மைச் சான்று வாங்க வேண்டும். எல்லாம் தடங்கல் இல்லாமல் நடந்தாலும் 11 மாதத்தில் பாதி இதிலேயே போய்விடும். சாலைக்கும் திறந்தவெளிக்கும் விட்டது போக, 200 சென்ட்டில் விற்கக் கிடைப்பது 120 சென்ட் சுற்றி இருக்கும். சென்ட்டுக்கு அடக்க விலையே 75,000 ரூபாய் ஆகிறது. அதன் மேல் சாலை, அனுமதிக் கட்டணம், புரோக்கர் கமிஷன், உங்களுக்குத் தர வேண்டிய மாதம் 40,000 ரூபாய் வட்டி எல்லாம் ஏறும்.

11 மாதம் தாண்டினால் என்ன ஆகும்? அக்ரிமென்ட்டில் ஒரு வரி இருக்கும், தேடிப் படியுங்கள்: குறித்த காலத்துக்குள் மீதித் தொகையைச் செலுத்தத் தவறினால் முன்பணத்தை இழக்க வேண்டியது என்று. அந்த முன்பணம் உங்கள் ஓய்வுப் பணம். "முடியாவிட்டால் 2 மனை" என்ற வாக்குறுதியும் இங்கேதான் உடைகிறது. எந்தக் காரணத்தால் அசலைத் திருப்ப முடியாமல் போகுமோ, அதே காரணத்தால் அந்த மனைகளும் இல்லாமல் போகும். நிலமே கை நழுவிய பிறகு எந்த மனையை எழுதித் தருவார்?

2016 செப்டம்பரில் அங்கீகாரம் இல்லாத மனைகளின் பத்திரப் பதிவைச் சென்னை உயர் நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. அடுத்த ஆண்டு மே மாதம் அந்த மனைகளை முறைப்படுத்தும் வரன்முறைத் திட்டம் வரும்வரை கிராமப்புற மனை வியாபாரம் தரையில் படுத்துவிட்டது. அந்த மாதங்களில் என் அலுவலகத்துக்கு வந்தவர்களில் மனை வாங்கி மாட்டிக்கொண்டவர்களை விட, மனை போட்டவர்களுக்கு வட்டிக்குக் கொடுத்துவிட்டுத் தவித்தவர்களின் முகம்தான் எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறது. அவர்களிடம் பணம் வாங்கியவர்கள் யாரும் மோசடிக்காரர்கள் இல்லை. ஒரே நாளில் விற்பனை நின்றது, அடுத்த மாதமே வட்டி நின்றது.

அப்புறம், அவர் தருவதாகச் சொல்லும் புரோநோட்டு. சில வருடங்களுக்கு முன் ஓர் அம்மா என்னைப் பார்க்க வந்தார். பூஜை அலமாரியில் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்த பிளாஸ்டிக் உறையிலிருந்து ஒரு புரோநோட்டை எடுத்து மேசையில் விரித்தார். நான்காக மடித்து மடித்து மடிப்பில் கிழியத் தொடங்கியிருந்தது. ஸ்டாம்ப் ஒட்டி அதன் மேல் கையெழுத்து வாங்கியிருந்தார், தொகையை எழுத்திலும் எண்ணிலும் எழுதியிருந்தார், சாட்சி இருவர். குறை சொல்ல ஒன்றும் இல்லை. தேதியைப் பார்த்தேன். 3 வருடம் முடிந்து 16 நாள் ஆகியிருந்தது. கொழுந்தனார்தானே, கேட்டால் சங்கடம், பொங்கலுக்குப் பார்க்கலாம், தீபாவளிக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப் போட்டிருக்கிறார். புரோநோட்டின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன், வெறுமையாக இருந்தது. ஒரே ஒரு முறை வட்டி வாங்கியபோது அங்கே வரவு எழுதி, கொழுந்தனாரின் கையெழுத்தை வாங்கியிருந்தால் அந்தத் தேதியிலிருந்து இன்னும் 3 வருடம் கிடைத்திருக்கும். அவருக்கு அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் தண்ணீர் கொடுக்கச் சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

புரோநோட்டின் ஆயுள் எழுதிய நாளிலிருந்து 3 வருடம். அதற்குள் வழக்குப் போட வேண்டும், அல்லது கடன்காரர் கையெழுத்தோடு வரவோ கடன் ஒப்புதலோ வாங்க வேண்டும். வட்டி வங்கிக் கணக்கில் வருகிறதே, அது போதாதா என்று பலர் இருந்துவிடுகிறார்கள். அதை மட்டும் நம்ப வேண்டாம், கையெழுத்தும் வாங்குங்கள். ஸ்டாம்ப் ஒட்டாத புரோநோட்டை நீதிமன்றம் ஏற்காது, பின்னால் அபராதம் கட்டியும் அதைச் சரி செய்ய முடியாது. செக்குக்கு ஆயுள் இன்னும் குறைவு. அதில் போட்ட தேதியிலிருந்து 3 மாதத்துக்குள் வங்கியில் போட வேண்டும். திரும்பி வந்த தகவல் கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ், பிறகு 15 நாள் அவகாசம், அதற்குப் பின் ஒரு மாதத்துக்குள் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-வது பிரிவில் வழக்கு. அது குற்ற வழக்கு, 2 ஆண்டு வரை சிறை உண்டு. தங்கை மகனை அந்தக் கூண்டில் ஏற்ற உங்களுக்கு மனம் வருமா? வராது. வராது என்பது அவருக்கும் தெரியும். அப்படியிருக்க, அந்தச் செக்கால் உங்களுக்கு என்ன பாதுகாப்பு?

நிஜமான பாதுகாப்பு என்றால் அடமானம்தான். உங்கள் மருமகன் பெயரில் ஏற்கெனவே வேறு வீடோ மனையோ இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் அதன் மேல் அடமானப் பத்திரம் எழுதி, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதியுங்கள். மூலப் பத்திரங்களை உங்களிடம் ஒப்படைத்து, அதற்கான ஒப்பந்தத்தைப் பதிவு செய்யும் முறையும் இருக்கிறது. வங்கிகள் செய்வது அதுதான். தமிழ்நாட்டில் 2012 டிசம்பரிலிருந்து அந்த ஒப்பந்தமும், கிரய அக்ரிமென்ட்டும், பவரும் கட்டாயம் பதியப்பட வேண்டியவை. பதிந்துவிட்டால் வில்லங்கச் சான்றில் ஏறும், உங்களைத் தாண்டி யாரும் அந்தச் சொத்தைச் சுத்தமாக வாங்க முடியாது. வழக்குப் போடவும் 12 வருடம் அவகாசம் கிடைக்கும். உறவுக்காரரிடம் கடன் கொடுத்தவருக்கு இந்த 12 வருடம் பெரிய நிம்மதி, ஏனென்றால் அவசரப்பட்டு யார் மனதையும் நோகடிக்க வேண்டியதில்லை. கடன் தீர்ந்ததும் அதற்கான ரசீதையும் பதிந்து கொடுத்துவிடுங்கள். இல்லையென்றால் நாளை அவருடைய பிள்ளைகள் அந்த வீட்டை விற்கப் போகும்போது உங்கள் பெயர் குறுக்கே நிற்கும். அந்த வீட்டின் மேல் ஏற்கெனவே வங்கிக் கடன் இருந்தால் வங்கிக்குப் போக மிஞ்சுவதுதான் உங்களுக்கு, அதையும் கணக்கில் வையுங்கள்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். நம் பக்கத்தில் "கடனுக்குக் கிரயமாகவே எழுதி வாங்கிக்கொள், பணம் வந்ததும் திருப்பி எழுதிக் கொடு" என்று ஒரு பழக்கம் இருக்கிறது. ஒரு பத்திரத்தில் விற்றதாக எழுதிவிட்டு, திருப்பித் தருவதை வாய்ப்பேச்சில் வைப்பார்கள். கடன் வாங்கியவர் வீட்டை இழந்ததையும் பார்த்திருக்கிறேன், கொடுத்தவர் 15 வருடம் நீதிமன்றப் படி ஏறியதையும் பார்த்திருக்கிறேன். உங்கள் தங்கை குடியிருக்கும் வீட்டில் அந்த விளையாட்டு வேண்டாம்.

2 ரூபாய் வட்டி என்றால் ஆண்டுக்கு 24 சதவீதம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. தமிழ்நாட்டில் கடன் கொடுப்போருக்கு அரசு நிர்ணயித்த உச்ச வட்டி 12 சதவீதம். அதைத் தாண்டி வாங்குவதைக் குற்றமாக்கியது 2003-இல் வந்த கந்துவட்டித் தடைச் சட்டம். 3 ஆண்டு வரை சிறையும் 30,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. நாளை உறவு கெட்டு வழக்கு என்று வந்தால், எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் தூக்கிக் காட்டுவது அந்த 2 ரூபாயைத்தான். ஓய்வு பெற்ற அரசு ஊழியர் மேல் அப்படி ஒரு புகார் வர வேண்டுமா? 1 ரூபாய் வட்டி போதும். மருமகனுக்கும் மூச்சு விட இடம் இருக்கும். நீங்கள் வாங்கும் வட்டி உங்கள் வருமானத்தில் சேரும், அதைக் கணக்கில் காட்ட வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள்.

பணத்தை வங்கி வழியாக மட்டும் கொடுங்கள். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ கடனை ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே வருமான வரித் துறை அபராதம் போடலாம். திருப்பி ரொக்கமாகக் கொடுத்தாலும் அப்படித்தான். நிலக்காரர் "பாதி கையில் கொடுங்கள்" என்று கேட்பார், எல்லா ஊரிலும் கேட்கிறார்கள். சொத்துக்காக 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கம் கொடுத்ததாகச் சொல்லி யாராவது வழக்குப் போட்டால், நீதிமன்றமே அதை வருமான வரித் துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது.

கடனாகக் கொடுக்காமல் பங்காகப் போடுவது என்றால் வேறு வழி. அக்ரிமென்ட்டில் வாங்குபவர்களில் ஒருவராக உங்கள் பெயரும் இருக்க வேண்டும், அது பதிவாக வேண்டும், உங்கள் கணக்கிலிருந்து நேராக நிலக்காரர் கணக்குக்குப் பணம் போக வேண்டும். பங்கு என்றால் வட்டி கிடையாது. லாபம் வந்தால் பங்கு, முன்பணம் போனால் உங்கள் பங்கும் போகும். "பார்ட்னர்ஷிப்பில் சும்மா ஒரு கையெழுத்துப் போடுங்க மாமா" என்றால் போடாதீர்கள். கூட்டு நிறுவனத்தின் கடனுக்குப் பங்குதாரரின் சொந்தச் சொத்தும் பொறுப்பு. நீங்கள் குடியிருக்கும் வீடும் அதில் அடக்கம். மாதம் 2 ரூபாய் வட்டியும் வேண்டும், மனையும் வேண்டும், அசலுக்கும் ஆபத்து வரக் கூடாது என்று மூன்றையும் சேர்த்துச் சொல்லும் ஏற்பாட்டில் கடைசியில் எதுவும் எழுத்தில் நிற்காது. உங்களிடம் வந்திருப்பது அப்படிப்பட்ட ஏற்பாடுதான்.

இன்னும் யார் யாரிடம் வாங்கியிருக்கிறார் என்றும் கேட்டுவிடுங்கள். நான்கு பேரிடம் இதே வட்டி சொல்லி வாங்கியிருந்தால், ஒருவருடைய அசல் இன்னொருவருடைய வட்டியாகப் போக ஆரம்பித்திருக்கும். ஊராரிடம் இப்படித் திரட்டுவது முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்களைத் தடுக்கும் 2019 சட்டத்திலும் கொண்டுபோய் விடலாம். அவரை மிரட்டுவதற்காகச் சொல்லவில்லை. தொழிலில் ஆசை இருக்கும் இளைஞர்கள் இந்த இடத்தில்தான் தடுமாறி விழுகிறார்கள். ஒரு பெரியவர் முன்கூட்டியே கேட்டால் அவருக்கு நல்லது.

என் யோசனை இது. நகையைத் தொட வேண்டாம். கல்யாணத் தொகை போக, ஆறு மாத வீட்டுச் செலவுக்கும் ஒரு மருத்துவச் செலவுக்கும் ஒதுக்குங்கள். மிஞ்சுவதில் 3 லட்சமோ 4 லட்சமோ, ஒரு வேளை திரும்பாவிட்டாலும் உங்கள் சாப்பாடு நிற்காத தொகையை, 1 ரூபாய் வட்டிக்கு, அவருடைய சொந்தச் சொத்தின் அடமானத்தின் பேரில் கொடுங்கள். அடமானம் வைக்க அவரிடம் எதுவும் இல்லையென்றால் 90 லட்சம் ரூபாய் வியாபாரத்தை இப்போது தொடங்க வேண்டாம் என்று சொல்லும் உரிமை மாமனுக்கு உண்டு. அனுமதி வாங்கிய மனைப்பிரிவில் ஒன்றிரண்டு மனை வாங்கி விற்று முதலில் கைமுதல் சேர்க்கட்டும்.

தங்கையிடம் நீங்களே பேசுங்கள், மருமகன் மூலமாகச் சொல்லி அனுப்பாதீர்கள். "பிள்ளை மேல் நம்பிக்கை இருக்கிறதம்மா, நிலம் இன்னொருவர் பேரில் இருக்கிறது, அதுதான் பயம்" என்று சொல்லுங்கள். உண்மையும் அதுதான். "உன் அண்ணிக்கு இஷ்டம் இல்லை" என்று பழியை மனைவி மேல் மட்டும் போடாதீர்கள். கல்யாண வேலையில் அவர்கள் இருவரும் ஒரே அடுப்படியில் நிற்க வேண்டியவர்கள்.

அதற்கு முன் ஒரு சின்ன வேலை. மருமகனிடம் அந்தத் தோட்டத்தின் சர்வே எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். 30 வருட வில்லங்கச் சான்று போடுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம், ஊர் நிலங்களின் விவரம் இருக்கும் அ-பதிவேட்டில் அந்த எண்ணுக்கு நேராக என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். புஞ்சை என்று இருந்தால் மேற்கொண்டு பேசலாம். நஞ்சை என்று இருந்தால் மனைப்பிரிவு அனுமதி எளிதில் வராது, 11 மாதம் எந்தக் கணக்கிலும் போதாது. அந்தப் பக்கத்தின் நகலை வாங்கி மருமகன் கையில் கொடுங்கள், அவரே உட்கார்ந்து படிக்கட்டும்.